இருநூற்றுப் பதினேழாம் நம்பர் இஸ்திரிப் பெட்டி

லஸ் முனையில் மாடியறை எடுத்துத் தொழில் நடத்திவந்த துப்பறியும் நிபுணர் சுந்தரராமனைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் மேல் சந்தேகத்தோடுதான் படியேறுவார்கள். தன் கையெழுத்தின் மேலேயே விழுந்த சந்தேகத்தோடு வந்தவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான்.

1974-ஆம் வருஷம், நவராத்திரி ஆறாம் நாள் காலை. இருபத்தாறு வயதிருக்கும் அவளுக்கு. அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் ஜவஹர் வந்தான். களையான முகம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மனைவிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டான்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார்," என்றான் ஜவஹர். "முதலாளி கால்ல விழுந்தா முடிஞ்சுபோற விஷயம். இவ கேக்க மாட்டேங்கா."

"தப்புப் பண்ணாம எதுக்கு விழணும்?" என்றாள் தங்கபுஷ்பம், அவன் பக்கம் திரும்பாமலே. பிறகு சுந்தரராமனைப் பார்த்து, "கையெழுத்து என்னுதுதான் சார். ஆனா அந்தப் பெட்டி நான் டெஸ்ட் பண்ணுன பெட்டி இல்ல. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காக," என்றாள்.

சுந்தரராமன் அவளுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பதினைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் தீ விபத்துகளைப் பரிசோதித்தவர் அவர். எரிந்துபோன சாமான்களின் கதையை அவர் ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை.

தி.நகர் உஸ்மான் ரோட்டில் பேச்சியம்மாள் எலெக்ட்ரிக்கல்ஸ் என்று ஒரு கடை. முதலாளி சிதம்பரநாதன் தன் தாயார் பேரில் வைத்தது. பின்கட்டில் அவர்களே இஸ்திரிப் பெட்டி தயாரித்து விற்கிறார்கள். கருணாகரன் என்ற பழைய மெக்கானிக் பெட்டிக்குள் சூடேறும் எலிமெண்டை வைத்து மூடுவார். ஐ.டி.ஐ. படித்த தங்கபுஷ்பம் அதற்குக் கரண்ட் கொடுத்து, வோல்ட் எத்தனை, ஆம்பியர் எத்தனை என்று மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். சரியாயிருந்தால் மூடியின் திருகாணி மேல் தன் கையெழுத்துள்ள காகிதச் சீட்டை ஒட்டுவாள். சீட்டைக் கிழிக்காமல் திருகாணியைத் தொட முடியாது. ஜவஹர் முன்கடையில் நின்று அதை விற்பான்.

நவராத்திரிக்கு முன்தினம் மாலை மயிலாப்பூர் விசாலாக்ஷி அம்மாள் 217-ஆம் நம்பர் பெட்டியை வாங்கிப் போனாள். மறுநாள் காலை அவளுடைய கூறைப்புடவை எரிந்தது, அடியில் விரித்திருந்த கம்பளி எரிந்தது, மேஜையும் கால்வாசி எரிந்தது. எல்லோர் முன்னிலையிலும் கருணாகரன் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருக்கவேண்டிய ஐந்நூறு வாட் எலிமெண்டுக்குப் பதில், தையற்கடைப் பெட்டிக்கு வைக்கிற ஆயிரம் வாட் எலிமெண்ட் இருந்தது. திறக்கும்வரை மேலே தங்கபுஷ்பத்தின் சீட்டு கிழியாமல் அப்படியே ஒட்டியிருந்தது.

"டெஸ்ட் பண்ணாமலே உக்காந்த எடத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்லுதாக. விஜயதசமிக்கு அடையாறுல கிளை திறக்காக சார். அதுக்கு என்னைப் பொறுப்பாப் போடுறதா முதலாளி அண்ணாச்சி சொல்லியிருந்தாக. இப்போ நாளைக்குள்ள பதில் சொல்லு, இல்லாட்டி வேலையை விட்டுப் போன்னுட்டாக. அந்த அம்மா வீட்டுல போலீசுக்குப் போறேங்காக." அவள் குரல் இறங்கியது. "அடையாறு போனாப் போகட்டும் சார். தீப்பிடிக்க வச்சவன்னு பேர் வாங்கிட்டா, இந்த ஊர்ல ஒரு பொம்பளை கையில மறுபடி யாரு மீட்டரைக் குடுப்பா?"

அறையின் மூலையில் உட்கார்ந்திருந்த உமர் ஃபாரூக் அதற்குள் தன் நோட்டைத் திறந்து 'கருணாகரன்' என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டான். சுந்தரராமனிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. ஒவ்வொரு வழக்கிலும் அவருக்கு முன்னால் குற்றவாளியின் பெயரை எழுதிவிட வேண்டும் என்பது அவன் வைராக்கியம். ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. அவருக்கு மட்டும் எப்படி வருகிறது என்ற வயிற்றெரிச்சல் அவனுக்கு உண்டு, அதை அவன் மறைத்ததும் இல்லை. இந்தக் கதையில் வருகிற யாருக்குமே வயிறு எரியாமல் இல்லை, அவன் மட்டும் என்ன விதிவிலக்கா?

பத்து மணிக்கெல்லாம் அவர்கள் உஸ்மான் ரோட்டில் இருந்தார்கள். சிதம்பரநாதன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து கும்பிட்டார். பருத்த மனிதர். நெற்றி நிறையத் திருநீறு.

"புள்ளையை நான் மக மாதிரிதான் வச்சிருந்தேன் சார். 'நம்ம இன்ஜினியரம்மா'ன்னுதான் கூப்பிடுவேன். அதுக்காவ, ஒரு குடும்பத்தைத் தீ வச்சுக் கொளுத்தப் பாத்ததை எப்படி விடச் சொல்லுதீக?"

"விட வேண்டாம். பெட்டியைக் கொஞ்சம் கொடுங்க," என்றார் சுந்தரராமன்.

பின்கட்டில் மரப்பலகையில் இரண்டு மீட்டர்கள் பதித்திருந்தன. கருணாகரன் 217-ஐ மறுபடி மூடிச் சொருகினார். ஒரு மீட்டர் 200 வோல்ட் காட்டியது. இன்னொன்றில் முள் சரசரவென்று ஏறி 3.8 ஆம்பியரில் நின்றது. சுந்தரராமன் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார்.

"இன்னா சார் கணக்கு?" என்று எட்டிப் பார்த்தான் உமர்.

"வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா, கரண்டை இந்தக் கம்பி எவ்வளவு தடுக்கிறதுன்னு தெரியும். அதுக்கு ஓம்னு பேரு. இருநூறை மூணு புள்ளி எட்டால வகுத்தா சுமார் ஐம்பத்து மூணு ஓம். இதுக்கு முழுசா 230 வோல்ட் கொடுத்தா நாலே கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். ரெண்டையும் பெருக்கினா ஆயிரம் வாட். ஐந்நூறு வாட் பெட்டின்னா இதுல இரட்டிப்பா, நூற்றாறு ஓம் இருக்கணும்."

"வோல்டேஜ்தான் இந்த ஊர்ல காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா கீதே சார்?"

"அதனாலதான் ஓமைப் பிடிச்சுக்கறேன். வோல்ட் இறங்கினா ஆம்பியரும் கூடவே இறங்கும். ஒண்ணை ஒண்ணால வகுத்தா வர்ற எண் அநேகமா அப்படியே இருக்கும். ஒரு பெட்டியை அடையாளம் பிடிக்க அதைவிட நல்ல அங்க அடையாளம் கிடையாது."

பிறகு டெஸ்ட் நோட்டைப் புரட்டினார். 217-ஐ டெஸ்ட் செய்த நாளின் பக்கத்தில் தங்கபுஷ்பத்தின் குண்டு எழுத்தில் வரிசையாக இருந்தது. 215-ஆம் நம்பர்: 212 வோல்ட், 2.0 ஆம்பியர். 216-க்கு 208 வோல்ட், 1.6 ஆம்பியர், பக்கத்தில் 'வேண்டாம், திரும்ப' என்று குறிப்பு. 217-க்கு 201 வோல்ட், 1.9. 218-க்கு 190 வோல்ட், 1.8. சுந்தரராமன் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். 216-ஐத் தவிர மற்ற மூன்றும் நூற்றாறில் வந்து நின்றன.

"216-ஐ ஏன் திருப்பினீங்க?"

"நூத்திமுப்பது ஓம் வந்துச்சு சார். சூடே ஏறாது. கருணாகரன் அண்ணன்கிட்ட வேற எலிமெண்ட் வைக்கச் சொன்னேன்."

"ஆமா, சொல்லிச்சு," என்று குறுக்கே வந்தார் கருணாகரன். "பதினெட்டு வருசமா இங்க கீறேன் சார். நேத்து வந்த பொண்ணு என் வேலையைத் திருப்புது. எனக்கு வயிறு எரியலன்னு சொன்னா அது பொய். அடையாறு எனக்கு வரவேண்டியது. ஆனா ஒண்ணு, தொழில்ல நான் கள்ளத்தனம் பண்ண மாட்டேன். என் அலமாரில ஆயிரம் வாட் எலிமெண்ட் ஒண்ணு குறையுது, நானே எண்ணிட்டு மொதலாளிகிட்ட சொன்னேன்."

"அலமாரியைப் பூட்டுவீங்களா?"

"டீ குடிக்கப் போகக்குள்ள எதுக்குப் பூட்டணும்? எல்லாம் நம்ம ஆளுங்கதானே. இந்த ஜவஹரே ரெண்டு வருசம் என்கிட்ட ஸ்க்ரூ முடுக்கினவன்தான். அப்பால நைஸா முன்கடைக்குப் போயிட்டான், வெள்ளைச் சட்டை போட்டுக்கினு."

உமர் தன் நோட்டில் கருணாகரன் பெயருக்கு இரண்டாவது அடிக்கோடு போட்டான்.

சுந்தரராமன் இப்போது 217-இன் மூடியில் பாதி தொங்கிக்கொண்டிருந்த காகிதச் சீட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். விரல் நகத்தால் மெல்ல நெருடினார். கையெழுத்து கறுப்பு மையில், பேனாவால் போட்டது. '217' என்ற நம்பர் நீல பால்பாயிண்டில். அலமாரியில் விற்பனைக்குக் காத்திருந்த மற்றப் பெட்டிகளின் சீட்டுகளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் கையெழுத்து கறுப்பு, நம்பர் நீலம். தங்கபுஷ்பத்தின் மேஜையில் பால்பாயிண்ட் மட்டுமே இருந்தது.

"சீட்டுல கையெழுத்து எப்போ போடுவீங்க?" என்று கேட்டார்.

"டெஸ்ட் முடிஞ்சதும்தான் சார்," என்றான் ஜவஹர், அவளை முந்திக்கொண்டு. தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். சுந்தரராமன் மேலே கேட்கவில்லை.

முன்கடைக் கவுன்டரிலும் ஒரு மீட்டர் பலகை இருந்தது. வாங்குகிறவர் கண்ணெதிரே பெட்டியைச் சொருகி, மீட்டரைப் பார்த்து உரக்கச் சொல்லி, காரண்டி அட்டையில் வோல்ட்டும் ஆம்பியரும் எழுதிக் கொடுப்பது அந்தக் கடையின் பழக்கம். அட்டைக்குக் கார்பன் நகல் கடையிலேயே தங்கும்.

"அப்படியானா இங்கேயே தெரிஞ்சிருக்கணுமே?" என்றார் சுந்தரராமன்.

ஜவஹரின் கண் கலங்கியது. "என் தப்பும் இருக்கு சார். பண்டிகைக் கூட்டம். கவுன்டர் டெஸ்ட் வெறும் சாங்கியம்தானே? சொருகவே இல்லை. இவ கையெழுத்து இருக்குன்னு நம்பி, எப்பவும்போல ஏதோ நம்பரை எழுதிக் குடுத்துட்டேன். வேலையை விட்டு அனுப்பணும்னா ரெண்டு பேரையும் அனுப்பட்டும்."

தங்கபுஷ்பம் அவனை நன்றியோடு பார்த்தாள்.

சுந்தரராமன் கார்பன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அன்று மாலை வரிசையாக மூன்று அட்டைகள், மூன்றும் ஜவஹர் கையெழுத்து. ஆறு மணிக்கு ஒருவர்: 172 வோல்ட், 1.6 ஆம்பியர். ஆறரைக்கு விசாலாக்ஷி: 230 வோல்ட், 2.2 ஆம்பியர். ஏழுக்கு ஒருவர்: 168 வோல்ட், 1.6.

"நடுவுல இருக்கறது மட்டும்தான் சார் கரெக்டா கீது," என்றான் உமர். "மத்ததெல்லாம் கம்மி வோல்டேஜ்."

"கரெக்டாத்தான் இருக்கு," என்றார் சுந்தரராமன்.

மாலையில் மயிலாப்பூர் சித்திரகுளம் பக்கம் விசாலாக்ஷி அம்மாள் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் ஏழு படி கொலு. எரிந்த மேஜையை யார் கண்ணிலும் படாமல் கொலுப்படிக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். வந்த காரியம் தெரிந்ததும் அந்த அம்மாள் சுண்டலை மறந்துவிட்டாள்.

"எல்லாம் எங்க ஓரகத்தி நீரஜாவால வந்தது! அவ போன மாசம் அதே கடையில ஒரு பெட்டி வாங்கினா. 'நாங்க டோபிக்குப் போடறதே இல்லை மன்னி, எல்லாம் ஆத்துலயே பண்ணிக்கறோம்'னு வரவா போறவா கிட்டல்லாம் சொல்லிண்டு திரியறா. நேக்குப் பத்திண்டு வந்தது. கொலுவுக்கு முன்னாடி நானும் வாங்கியே தீருவேன்னு அன்னிக்குச் சாயங்காலம் போனேன்."

"கடையில கரண்ட் கொடுத்துக் காட்டினாங்களா?"

"பின்னே? அந்தப் பையன், 'அவசியமில்லை மாமி, உள்ளேயே பாத்தாச்சு'ன்னான். விடுவேனா? 'நீரஜாவுக்குக் காட்டினேளோல்லியோ, நேக்கும் காட்டு'ன்னேன். முதலாளி கல்லாவிலேர்ந்து, 'அம்மாவுக்குப் போட்டுக் காட்டுப்பா'ன்னுட்டு, கல்லாவில நின்ன கூட்டத்தைப் பாக்கத் திரும்பிட்டார். பையன் சொருகினான். டியூப்லைட் எரியக்கூட இல்லை, கண்ணடிச்சிண்டே இருந்தது. குண்டு பல்பு வெளிச்சத்துலதான் பாத்தேன். மீட்டர் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்திருந்தேன்."

"முள் எதுவரைக்கும் போச்சு, ஞாபகம் இருக்கா?"

"ஞாபகமா? நன்னாக் கேட்டேள்! நீரஜாவோடது ரெண்டைக்கூடத் தொடலையாம், அவளே சொல்லியிருக்கா. என்னோடது பாதி வட்டத்தைத் தாண்டித்து! அஞ்சு வரைக்கும் போட்டிருக்குமே, அதுல மூணுக்கும் மேலே! அவளோடதைவிட உசத்திப் பெட்டின்னு சந்தோஷமா எடுத்துண்டு வந்தேன். விடிஞ்சா புடவை போச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணத்தன்னிக்கு அப்பா எடுத்துக் குடுத்த கூறை. அந்தப் பொண்ணை நான் சும்மா விடமாட்டேன்."

"நாளைக் காலையில ஒன்பது மணிக்குக் கடைக்கு வாங்கோ," என்றார் சுந்தரராமன். "சும்மா விடறதா வேண்டாமான்னு அப்புறம் சொல்லலாம்."

மறுநாள் கடைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. சிதம்பரநாதன், கருணாகரன், விசாலாக்ஷி அம்மாள் மூவரும் கவுன்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தங்கபுஷ்பமும் ஜவஹரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவள் கைப்பை முழங்கையில் தொங்கியது. உமர் ஃபாரூக் நோட்டோடு வாசலை அடைத்து நின்றான், கருணாகரன் ஓடினால் பிடிப்பதற்காக.

"முதல் கேள்வி," என்று தொடங்கினார் சுந்தரராமன். "தங்கபுஷ்பம் டெஸ்ட் பண்ணாம எழுதினாங்களா? உக்கார்ந்த இடத்துல எழுதறவங்க எல்லாப் பெட்டிக்கும் ஒரே நம்பரை எழுதுவாங்க. இந்த நோட்டுல வோல்ட் ஏறி இறங்கறது. ஆம்பியரும் அதோட சரியா ஏறி இறங்கறது. நடுவுல ஒரு பெட்டியை அவங்களே வேண்டாம்னு திருப்பி, கருணாகரனோட சண்டையும் வாங்கியிருக்காங்க. பொய்க் கணக்கு எழுதறவங்களுக்கு அந்தத் தலைவலி எதுக்கு? 217 பின்கட்டுல இருந்தவரைக்கும் நூற்றாறு ஓம். அதாவது, நல்ல பெட்டி."

"அப்படின்னா கவுன்டருக்கு வந்த பொறவா மாறிச்சு?" என்றார் சிதம்பரநாதன்.

"கவுன்டருக்கு வரும்போதே மாறியிருந்தது. மாமி கண்ணால பாத்திருக்காங்க. அன்னிக்கு மாலை ஆறு மணிக்கு இங்கே 172 வோல்ட், ஏழு மணிக்கு 168. ஊரெல்லாம் சீரியல் பல்பு. டியூப்லைட்டே பத்தலை. நல்ல பெட்டியா இருந்தா அந்த வோல்டேஜுக்கு முள் 1.6-லேயே நின்னிருக்கணும். மூணைத் தாண்டித்துன்னா, 170-ஐ மூணு சொச்சத்தால வகுத்துப் பாருங்க. ஐம்பத்து மூணு ஓம். நேத்து நான் பார்த்த அதே எண்."

சுந்தரராமன் கார்பன் புத்தகத்தைக் கவுன்டரில் விரித்தார்.

"ஜவஹர், சொருகவே இல்லை, எப்பவும்போல ஏதோ நம்பரை எழுதினேன்னு சொன்னீங்க. எப்பவும்போலன்னா, முந்தின அட்டையில ஏன் 172? அடுத்த அட்டையில ஏன் 168? அதெல்லாம் மீட்டரைப் பார்த்து எழுதின நம்பர். நீங்க ஒழுங்கா டெஸ்ட் பண்ற ஆள். நடுவுல ஒரே ஒரு அட்டையில 230, 2.2. ராத்திரி ஊர் தூங்கினப்புறம் வேணா வரும் அந்த 230. நவராத்திரிக்கு முந்தின சாயங்காலம் உஸ்மான் ரோட்டுல வராது. அது பெட்டியோட தகட்டுல அடிச்சிருக்கிற நம்பர். மீட்டர் காட்டினதை எழுத முடியலை. ஏத்த பொய்யை எழுதணும்னா, 170-ஐ நூற்றாறால வகுக்கணும். மாமி பக்கத்துல உக்கார்ந்து பாத்துண்டிருந்தாங்க. அவசரத்துல, இந்தக் கடையில எல்லாருக்கும் மனப்பாடமான நம்பரை எழுதிட்டீங்க."

"முள்ளை நான் சரியாப் பாக்கல சார்," என்றான் ஜவஹர். "கருணாகரன் அண்ணன் மாத்தியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"டேய்!" என்று எழுந்தார் கருணாகரன். உமர் ஓரடி முன்னால் வந்தான்.

"உக்காருங்க. கருணாகரனால முடியாது. இந்தச் சீட்டுதான் சாட்சி." சுந்தரராமன் 217-இன் மூடியைத் தூக்கிப் பிடித்தார். "இதுக்கு அடியில இன்னொரு சீட்டோட விளிம்பு ஒட்டிண்டிருக்கு. பழசைச் சுரண்டிட்டுப் புதுசா ஒண்ணு ஒட்டியிருக்காங்க. புதுசுலயும் கையெழுத்து அசல். அப்படின்னா, தங்கபுஷ்பம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வச்ச சீட்டு ஒண்ணு யார் கையிலயோ கிடைச்சிருக்கு." அவர் அவள் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. "கறுப்பு மைப் பேனா உங்க மேஜையில இல்லை. சீட்டுல எங்கே, எப்போ கையெழுத்துப் போடுவீங்க அம்மா?"

தங்கபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஜவஹரிடமிருந்து அரையடி நகர்ந்திருந்தாள்.

"வீட்டுல," என்றாள். "ஞாயித்துக்கிழமை. அம்பது அம்பதாப் போட்டு பிஸ்கோத்து டப்பாவுல வச்சிருவேன். காலைல வரும்போது அன்னிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துட்டு வருவேன். இங்க கைப்பையை விட்டு வெளிய வைக்க மாட்டேன். தப்புதான். நேரம் மிச்சமாகும்னு செஞ்சேன்." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள். "வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்."

சிதம்பரநாதன் ஜவஹரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எலேய்," என்றார், நம்ப முடியாமல். "உன் பொண்டாட்டிடா."

அந்த ஒரு வார்த்தையில் ஜவஹர் உடைந்துவிட்டான்.

"அதைத்தான் அண்ணாச்சி எல்லாரும் சொன்னாங்க! 'இன்ஜினியரம்மா வீட்டுக்காரர்'. டீக்கடையில அதான் பேரு, தெருவுல அதான் பேரு. நீங்களே என் பேரை மறந்துட்டு, 'நம்ம இன்ஜினியரம்மா வீட்டுக்காரரைக் கூப்பிடு'ன்னு சொன்னீங்க. இந்தக் கடைக்கு இவளைக் கூட்டிட்டு வந்ததே நான். நானும் கூட அடையாறு போனா, லீவு வேணும்னா இவகிட்ட நான் எழுதிக் குடுக்கணும். டீ நேரத்துல உள்ள போய் மாத்தினேன். பெட்டி சூடு கூடுதல்னு திரும்பி வரும், நீங்க ரெண்டு வார்த்தை ஏசுவீங்க, அடையாறு நின்னுபோகும், அவ்வளவுதான்னு நினைச்சேன். தீப்பிடிக்கும்னு சத்தியமா நினைக்கல."

"சாயங்காலம் 170 வோல்ட்டுல அது பாதிப் பலத்துலதான் வேலை செஞ்சிருக்கும்," என்றார் சுந்தரராமன். "மாமி மறுநாள் விடியக்காலையில தேய்ச்சாங்க. அப்போ முழு வோல்டேஜ், ஆயிரம் வாட். ஐந்நூறு வாட் பெட்டிக்கு, சொருகி இத்தனை நிமிஷம்னு நீங்க சொல்லிக் கொடுத்த கணக்கை வச்சுண்டு ஒரு பட்டுப் புடவை மேல."

விசாலாக்ஷி அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் திட்டத் தயாராக வந்திருந்த வசவுகளெல்லாம் இப்போது யாருக்கென்று தெரியாமல் நின்றன. "ஓரகத்தி மேல பொறாமைப்படலாம்," என்றாள் கடைசியில். "ஆம்படையாள் மேல எப்படிடா படறது?"

ஜவஹர் மனைவியின் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். அழவில்லை. அதுதான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "'நீ போகாத, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை. அடையாறு வேண்டாம்னு நானே அண்ணாச்சிகிட்ட சொல்லியிருப்பேன். அவ்வளவு பைத்தியமா இருந்தேன் உங்க மேல. நேத்துகூட, ரெண்டு பேரையும் அனுப்பட்டும்னு நீங்க சொன்னப்போ, இந்த மனுசனுக்கு நான் என்ன புண்ணியம் பண்ணினேன்னு நினைச்சேன்."

"இப்போ?" என்றான் அவன்.

அவள் கைப்பையைத் திறந்தாள். டெஸ்ட் நின்றுபோனதால் பைக்குள்ளேயே தங்கிவிட்ட சீட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. கறுப்பு மையில் கையெழுத்துப் போட்ட சீட்டுகள், ஒரு இருபது இருக்கும். ரப்பர் பேண்டைக் கழற்றி, நான்கு நான்காகச் சேர்த்துக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். எல்லாம் கிழித்து முடிகிறவரை யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"அண்ணாச்சி, அடையாறு சாவி."

சிதம்பரநாதன் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து ஒன்றைப் பிரித்து இரண்டு கையாலும் கொடுத்தார். ஜவஹருக்கு அவர் வாசலைக் காட்டினார். அவன் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். மடிப்புக் கலையாத அந்த வெள்ளைச் சட்டை உஸ்மான் ரோட்டுக் கூட்டத்தில் கொஞ்ச தூரம் வரை தெரிந்தது. போலீசுக்குப் போவதா என்று விசாலாக்ஷி அம்மாளைக் கேட்டபோது, "அந்தப் பொண்ணு இனிமே அந்த ஆத்துக்கு எப்படிப் போவாளோன்னு யோசிச்சிண்டிருக்கேன், நீங்க ஒண்ணு," என்று சொல்லிவிட்டாள்.

உமர் ஃபாரூக் நோட்டைத் திறந்து, இரண்டு அடிக்கோடு போட்ட பெயரை அடித்தான். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு வருஷமாகச் சுந்தரராமன் மேல் தனக்கிருந்த எரிச்சல் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டான்.

தீப்பிடித்த நாளிலிருந்து டெஸ்ட்டுக்குக் காத்திருந்த ஒரு பெட்டியைப் பின்கட்டிலிருந்து கருணாகரன் கொண்டுவந்து மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். "219," என்றார். கொஞ்சம் தயங்கி, "பாத்து சொல்லும்மா," என்று சேர்த்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் பிளக்கைச் சொருகினாள். விசாலாக்ஷி அம்மாள் அன்றைக்குப் போலவே ஸ்டூலை மீட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முள் ஏறி நின்றது.

"இருநூத்திப் பன்னெண்டு வோல்ட்," என்று உரக்கப் படித்தாள் தங்கபுஷ்பம். "ரெண்டு ஆம்பியர்."

குரல் அந்த இடத்தில் உடைந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை மீட்டரைப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். பிறகு கையெழுத்தில்லாத வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்து, திருகாணி மேல் ஒட்டி, எல்லோரும் பார்க்க நீல பால்பாயிண்டில் தன் பெயரை எழுதினாள்.